பாவாயி சொன்ன "ஆமாங்க"

கண்ணு,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. இன்னும் பதில் போடாமல் என்ன மனுஷன் நீங்கள் என்று உன் அம்மா காலையும் மாலையும் என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். வக்கீலாகப் பதிவு செய்துகொண்டாகிவிட்டது, அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், உங்களோடு சேர்ந்தே தொழில் செய்யப் போகிறேன், வாசல் பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி வையுங்கள் என்று கேட்டிருக்கிறாய். எந்தத் தகப்பனுக்கு இது கசக்கும்? படித்த அன்றைக்கே பெயின்டரை வரவழைத்தேன். பழைய எழுத்தைச் சுரண்டி, பச்சை வர்ணம் அடித்து, காயவைத்து, வெள்ளையில் என் பெயரைப் புதிதாக எழுதினார். பிறகு தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்பா பேரை எப்படிங்க எழுதறது, இனிசியல் முன்னால வருமுங்களா?" என்று கேட்டார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். மறுநாளும் வந்தார். மறுநாளும் அதையே சொன்னேன். இப்போது அவர் நம் வாசலைத் தாண்டும்போது பலகையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறார்.

காரணம், உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. எட்டாவது படிக்கும்போது நான் உனக்குச் சொன்ன ஒரு வழக்குதான் உன்னை வக்கீலாக்கியது என்று எழுதியிருக்கிறாய். சத்தம் போடாமல், மேசையைத் தட்டாமல், மரியாதையாகப் பேசியே ஒரு பெண்பிள்ளையின் பொய்யை உடைத்தீர்களே அப்பா, அந்த மாதிரி ஒரு குறுக்கு விசாரணை நானும் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்குக் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன், அந்தப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு உடைந்தது பொய் இல்லை, கண்ணு. உண்மை. அது உண்மை என்று தெரிந்தே உடைத்தேன். அதைப் பெருமையாக வீட்டுக்கு வந்து பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் கதையாகவும் சொன்னேன். நீ அந்தக் கதையை நம்பி மெட்ராஸ் வரைக்கும் போய்ப் படித்துவிட்டு வந்து நிற்கிறாய். பலகையில் உன் பெயர் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கதையை நான் திருத்தியாக வேண்டும்.

நான் வாழப்பாடிக்காரன் என்பது உனக்குத் தெரியும். இந்தக் கொங்குப் பக்கத்து ஊருக்கு வந்த புதிதில் இங்கே பேசுகிற பேச்சு எனக்குப் பாதிதான் புரியும். அங்கே எங்கள் பக்கத்தில் ஒருவன் "ஆமாம்" என்றால் ஆமாம், "இல்லை" என்றால் இல்லை. இங்கே எவனைக் கேட்டாலும் ஆமாங்க. வழக்கு நாள் பதினேழாம் தேதி, காலையில் பத்து மணிக்கு வந்துவிடு என்பேன். "ஆமாங்க" என்பான். பதினேழாம் தேதி ஆளே வரமாட்டான். சீட்டைக் கொண்டுவா என்றால் ஆமாங்க, கொண்டுவர மாட்டான். என்ன ஜனங்கள் இவர்கள், வாய்கூசாமல் பொய் சொல்கிறார்களே என்று ஒருநாள் கத்தினேன். நம் குமாஸ்தா சென்னியப்பன் அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. பயந்துகொண்டேதான் சொன்னார். "பொய்யில்லீங்க. நீங்க பேசறதக் காதுல வாங்கிக்கிட்டேன்னு சொல்றாங்க. பெரியவங்க பேசறப்ப உம் கொட்டுனா மருவாதி இல்லீங்களே. அதுக்குப் பதிலா ஆமாங்கன்னு சொல்லுவாங்க. அத வெச்சு நீங்க ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க." உன்னையே எடுத்துக்கொள். கதைப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, பாலைக் குடித்தாயா என்றால் "ஆமாங்கப்பா" என்பாய். பால் ஆடை கட்டி அப்படியே இருக்கும். "அவ கேட்டுச்சுன்னு சொல்றா, குடிச்சேன்னா சொன்னா?" என்று உன் அம்மா சிரிப்பாள். ஆக, அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணில் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

நம் முன்னறையில் வந்து உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை நீ கொஞ்சம் கேட்டிருப்பாய், வந்தபிறகு நிறையக் கேட்பாய். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை என் ஊட்டுக் கூரை மேல விழுவுதுங்க, கேசு போடலாமுங்களா என்று ஒருவர் ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். மட்டையை எடுத்து அடுப்பில் வையுங்கள் என்று அனுப்பினேன். என் கோழி அவங்க ஊட்டுக் கூடையில முட்டை போட்டா முட்டை யாருதுங்க என்று ஒரு அம்மாள் கேட்டாள். "என்ற தம்பி என்னோட பேசி ஆறு வருசமாச்சுங்க. பேசச் சொல்லிக் கோர்ட்டுல ஒரு உத்தரவு வாங்க முடியுமுங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். சாட்சி சொல்லப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். இந்தக் கேள்விகளைக் கேட்டு யாரையும் முட்டாள் என்று நினைத்துவிடாதே. நான் நினைத்தேன். கேட்கிறவர் வெளியே சொல்கிற கேள்விக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும், அது வெளியே வரும்வரை பேசவிட வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. கேட்ட மாத்திரத்தில் சட்டத்தைச் சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

அப்படித்தான் பாவாயியும் வந்தாள். ஐம்பத்தாறில் வாரிசுச் சட்டம் வந்ததே, அதற்கு மறு வருஷம். நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், குழந்தை இல்லை. வெள்ளைச் சீலை கட்டியிருந்தாள். புருஷன் இறந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. முன்னறையில் பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காராமல், சுவர் ஓரமாக நின்றுகொண்டே கேட்டாள். "சாமி, எங்கூட்டுக்காரரு போயிட்டாருங்க. கொழுந்தன் ஊட்ட உட்டுப் போகச் சொல்றானுங்க. போகோணுமுங்களா?"

"போக வேண்டியதில்லை அம்மா. இப்போது சட்டம் மாறிவிட்டது. பிள்ளையும் இல்லை, மாமியாரும் இல்லை என்றால் புருஷன் சொத்து முழுக்கப் பெண்டாட்டிக்குத்தான். யாரும் உங்களை எழுந்திரு என்று சொல்ல முடியாது" என்றேன். அவள் முகம் தெளிந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. எந்த ஊருங்க சாமி நீங்க என்று கேட்டாள். வாழப்பாடி என்றேன். "அட, எங்கக்காளக் கட்டிக்குடுத்த ஊருங்க!" என்று வாயெல்லாம் சிரிப்பாகிவிட்டது. வீட்டு வரி ரசீதும் பட்டாவும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். "ஆமாங்க" என்றாள். உன் அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தாள், குடித்துவிட்டு, "வாரேனுங்க சாமி" என்று போனாள். திங்கட்கிழமை வரவில்லை. சென்னியப்பன் சொன்னதை நினைத்து அன்றைக்கே ஆளை அனுப்பி விசாரித்திருக்கலாம். நான் மறந்தே போனேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே கொழுந்தன் அவள் துணிமணியை வாசலில் போட்டுக் கதவைப் பூட்டிவிட்டான் என்பது பிறகு தெரிந்தது. அவள் வாழப்பாடி அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தக் கொழுந்தன் என் முன்னறைக்கு வந்தான். அவன் கேட்ட கேள்வியும் எல்லோரும் கேட்கிற கேள்விபோலத்தான் இருந்தது. "ஏனுங்க, பொண்டாட்டிக்குத்தான் சொத்துன்னு புதுச் சட்டம் சொல்லுதாமுங்களே. அவ பொண்டாட்டியே இல்லீன்னு ஆயிட்டா?" ஊரையும் பேரையும் கேட்டதும் யார் விஷயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் ஆனதா இல்லையா என்று நேராகவே கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "எங்கய்யன் ஒத்துக்கலீங்க. அதனால எங்கண்ணன் மலையடிவாரத்துக் கோயில்ல வெச்சுத் தாலி கட்டுனானுங்க. நானு, பூசாரி, பொண்ணோட சின்னம்மா, மூணே பேருதானுங்க இருந்தோம். பூசாரி செத்துப் போயிட்டாரு. சின்னம்மாளுக்குப் புத்தி தடுமாறிப்போச்சு. நான் சொல்லப் போறதில்லீங்க" என்றான். கட்சிக்காரன் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது. அவன் இப்போது உயிரோடு இல்லை, ஆனாலும் கூடாதுதான். இதை உனக்கு எழுதும்போது அந்த விதியையும் சேர்த்து மீறுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

எழுந்து போடா வெளியே என்று சொல்லியிருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், அந்த அம்மாள் முதலில் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனாள், வேறு வக்கீலைப் பார் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் வக்காலத்துக் கொடுக்கவில்லையே, ஒரு சொம்பு மோர்தானே குடித்தாள் என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். "கல்யாணம் ஆனதை நிரூபிக்க வேண்டியது அவள் பொறுப்பு" என்றேன் அவனிடம். ஏன் சொன்னேன் என்று இந்தப் பதினோரு நாளாக யோசிக்கிறேன். வீட்டில் அடுப்பு எரியாத வறுமை ஒன்றும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் அப்போதும் என்னைக் கிழக்கத்தி வக்கீல் என்றுதான் சொல்வார்கள். பெரிய பண்ணைக்காரர்கள் யாரும் என் படி ஏறவில்லை. பேர் வாங்க வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது, அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

அவள் வழக்குப் போட்டாள். அக்காள் புருஷன் சேலத்திலிருந்து ஒரு இளம் வக்கீலை அமர்த்தியிருந்தார். நல்ல பையன், சட்டமும் தெரியும். ஒரு ஆணும் பெண்ணும் ஊரறியப் பல வருஷம் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருந்தால், கல்யாணம் ஆனதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் என்று நீ படித்திருப்பாய். அவர் அதைத்தான் நம்பியிருந்தார். அது போதும், அதற்கு எதிராக என் கையில் ஒன்றுமே இல்லை. அதை உடைக்க வேண்டுமானால் கல்யாணம் நடக்கவில்லை என்று அவள் வாயாலேயே வர வேண்டும். எப்படி வரவழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அவள் கூண்டில் ஏறினாள். புருஷன் பெயர் என்ன என்று அவளுடைய வக்கீல் கேட்டார். அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பழனியில இருக்கறவரு பேருங்க" என்றாள். பழனியப்பன் என்று பெஞ்சு கிளார்க் எடுத்துக்கொடுத்தார், அவள் தலையை ஆட்டினாள். செத்துப்போனவன் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டேன் என்கிறாள். தாலி கட்டிக்கொண்டவளைத் தவிர வேறு யார் கண்ணு அப்படி நிற்பாள்? அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தோம், ஆனால் காகிதத்தில் பழனியப்பன் என்று மட்டும் ஏறியது. பிறகு நான் எழுந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. தெரிந்த மனுஷர் வந்துவிட்டார் என்கிற சிரிப்பு. நான் யாருக்காக எழுந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் ஒரே கோர்ட்டு ஆட்கள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

நான் கொங்குப் பேச்சுப் பேசினேன். இத்தனை வருஷமாக ஒட்டாத பேச்சு அன்றைக்கு அப்படி ஒட்டிக்கொண்டு வந்தது. "ஏனுங்கம்மா, சொகமுங்களா? அக்கா ஊட்டுல நல்லா இருக்கறாங்களா?" என்று ஆரம்பித்தேன். ஆமாங்க என்றாள். உங்க ஊட்டுக்காரரு நல்ல மனுசருங்க? ஆமாங்க. அவங்கய்யன் கோவக்காரருங்க? ஆமாங்க. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கலீங்க? ஆமாங்க. ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடலீங்க? ஆமாங்க. அருமைக்காரரு வந்து சீர் எதுவும் செஞ்சு வெக்கலீங்க? ஆமாங்க சாமி. இவ்வளவும் உண்மைதான். இந்தப் பக்கத்தில் கல்யாணச் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் அந்த மலையடிவாரத்துக் கோயிலுக்கு எங்கே வரப்போகிறார்? குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், மூச்சும் விடாமல், அதே மரியாதையோடு கடைசிக் கேள்வியைப் போட்டேன். "அப்ப முறைப்படி தாலி கட்டுனதுன்னு ஒண்ணு உங்களுக்குள்ள நடக்கவே இல்லீங்க, அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க சாமி" என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் பேசுவது காதில் விழுகிறது என்று சொன்னாள்.

அவளுடைய வக்கீல் காகிதத்திலிருந்து தலையைத் தூக்குவதற்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். கோர்ட்டில் சாட்சி சொல்வதை எப்படி எழுதுவார்கள் என்பதை நீ இனிமேல்தான் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறாய். கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம் என்று எழுதுவதில்லை. இரண்டையும் சேர்த்து, சாட்சியே சொன்னதுபோல இங்கிலீஷில் ஒரு வாக்கியமாக்கிவிடுவார்கள். எனக்கும் இறந்துபோனவருக்கும் முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை என்று எழுதப்பட்டது. என் கேள்வி காணாமல் போய்விட்டது. என் குரல், அந்த "ஏனுங்கம்மா" எல்லாம் காணாமல் போய்விட்டது. அவள் மட்டும் நின்றாள். வழக்கை விசாரித்த முன்சீப் மேல் தப்பே இல்லை, அவருக்குக் காதில் விழுந்தது அதுதான். எழுதினதைத் தமிழில் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார்கள். "சரிங்க" என்று கைநாட்டு வைத்தாள். அவளுடைய வக்கீல் மறுபடியும் எழுந்து எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அதற்குள் அவள் குழம்பிப்போய் எதற்கெடுத்தாலும் ஆமாங்க, ஆமாங்க என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் நடந்து வந்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கிட்டத்தில் வந்தாள். "சாமி, நான் சரியாத்தானுங்க சொன்னேன்? பயமா இருந்துச்சுங்க. நீங்க எந்திரிச்சப்பறந்தான் உசுரு வந்துச்சு. இனி ஊட்டுக்குப் போயிரலாமுங்களா?" என்றாள்.

கண்ணு, இதை இதுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவளிடம் நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆமாங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன்.

வழக்குத் தள்ளுபடியானது. மேல்கோர்ட்டுக்குப் போக அவளுக்கு நாதியில்லை. கொழுந்தன் ஒரு சிப்பம் வெல்லம் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் இறக்கினான். உன் அம்மா அதில் கச்சாயம் சுட்டாள், நீ நாலு தின்றாய், நான் மூன்று தின்றேன். அன்றைக்குத்தான் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வழக்கைக் கதையாகச் சொன்னேன். உண்மையைச் சத்தம் போட்டு வரவழைக்க முடியாது, மரியாதையாகக் கேட்டால் தானே வரும் என்று என்னென்னவோ அளந்தேன். நீ கண்ணை விரித்துக் கேட்டாய். வக்கீல்கள் கூடுகிற இடத்திலும் பல வருஷம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சொல்லச் சொல்ல நானே நம்ப ஆரம்பித்தேன். எனக்குப் பேரும் வந்தது. இப்போது பலகையில் புது வர்ணத்தில் மினுங்குகிறதே, அந்தப் பேர்தான்.

போன தை மாதம் ஜில்லா கோர்ட்டு வேலையாகச் சேலம் போனவன், மிளகாய் வாங்கி வரச் சொன்னாள் உன் அம்மா என்று செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். ஒரு மண்டி வாசலில் ஐந்தாறு பெண்கள் சாக்கை விரித்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். "சாமி, சொகமுங்களா?" என்று ஒரு குரல். திரும்பினேன். அவள்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. வெளுத்துப்போன ஒரு ஊதாச் சீலை கட்டியிருந்தாள். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவளோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, பாப்பா நல்லா இருக்குதுங்களா, அம்மணி நல்லா இருக்கறாங்களா என்று கேட்டாள். உன் அம்மா கொடுத்த மோர் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேனுங்க. இங்க யாரக் கேட்டாலும் தெரியலீங்கறாங்க" என்றாள்.

"கேளுங்கம்மா."

"கோர்ட்டுல நான் அவரு பொண்டாட்டி இல்லீன்னு தீந்துபோச்சாமுங்களே. கொழுந்தன் ஊரெல்லாம் சொன்னானுங்க. இனி வெள்ளச் சீல கட்டுனா கோர்ட்டு உத்தரவ மீறுனதா ஆயிரும், புடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு. அன்னைல இருந்து கட்டறதில்லீங்க. இப்ப வயசாகிப்போச்சு. சாகறப்பவாச்சும் வெள்ளக் கட்டிக்கிட்டுச் சாகலாமான்னு இருக்குது. கட்டுனா கேசு வருமுங்களா சாமி?"

எத்தனை ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. பத்து வருஷமாக ஒரு விதவை, விதவையாக இருக்கத் தனக்கு உரிமை இல்லை என்று பயந்து கலர்ச் சீலை கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். வீடும் காடும் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அப்படி எந்தச் சட்டமும் இல்லை அம்மா. நீங்கள் எந்தச் சீலையும் கட்டலாம். யாரும் கேட்க முடியாது" என்றேன். வக்கீல் பதில். அவள் முதன்முதலில் வந்த அன்றைக்குச் சொன்ன பதில் போலவே சரியான பதில். "கேக்க முடியாதுன்னா சரிங்க. ஆனா நான் அவரு பொண்டாட்டியுங்களா, இல்லீங்களா? அத நீங்க சொல்லுங்க சாமி" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மிளகாயும் வாங்கவில்லை. மறந்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் உன் கடிதம் வந்தது. பெயின்டரைத் திருப்பி அனுப்பின நாலாம் நாள், கோர்ட்டு வேலை எதுவும் இல்லாமல் சேலத்துக்கு பஸ் ஏறினேன். அதே மண்டி, அதே சாக்கு. ஊதாச் சீலைதான் கட்டியிருந்தாள். நான் வேட்டியை மடித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மிளகாய் நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது நல்லதாகப் போயிற்று. கொங்குப் பேச்சு வேண்டாம், என் சொந்தப் பேச்சிலேயே சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். "பாவாயி, நீ அவர் தாலி கட்டின பொண்டாட்டிதான்மா. அது எனக்கு அன்னைக்கே தெரியும். நான் உன் வக்கீல் இல்லை, உன் கொழுந்தனோட வக்கீல். இல்லைன்னு உன் வாயிலேருந்து வாங்கினது நான்தான். நீ சொன்ன ஆமாங்கவுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். நீ ஒரு தப்பும் சொல்லலை" என்றேன். இவ்வளவையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன். எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு என்றும் சொன்னேன்.

அவள் கையில் ஒரு மிளகாய் இருந்தது. அதன் காம்பைக் கிள்ளினாள். காம்பை ஒரு பக்கம் போட்டாள், மிளகாயை ஒரு பக்கம் போட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "ஆமாங்க" என்றாள். அவ்வளவுதான். சாமி என்று சேர்க்கவில்லை. அடுத்த மிளகாயை எடுத்தாள்.

எனக்குத் தெரியாது கண்ணு. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியுமுங்க என்று சொன்னாளா? மன்னித்தேன் என்று சொன்னாளா? நீ பேசுவது காதில் விழுகிறது, பேசிவிட்டுப் போ என்று சொன்னாளா? கோர்ட்டிலே ஒரு நிமிஷத்தில் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்து எழுதவைத்தவன், அந்தச் சாக்கின் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் புரியாமல் எழுந்து வந்தேன். இப்போது என்ன சீலை கட்டுகிறாள் என்பதும் தெரியாது. மறுபடி போய்ப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். உன் முன்னால் வந்து நிற்கிறவர்கள் ஆமாங்க என்றால் அதோடு விட்டுவிடாதே. நான் என்ன சொன்னேன், நீங்களே ஒருமுறை சொல்லுங்கள் என்று கேள். அவர்கள் வாயால் முழுசாகச் சொல்லவிட்டுக் கேள். நேரமாகும், வாசலில் கூட்டம் சேரும், சென்னியப்பன் முணுமுணுப்பார். ஆகட்டும். எதிர்க்கட்சி சாட்சியாக இருந்தாலும் அப்படியே கேள். தோற்றால் தோற்றுப் போ.

பலகை இன்னும் வாசல் திண்ணையில் சாய்த்தபடிதான் இருக்கிறது. என் பெயருக்குக் கீழே ஒரு முழம் இடம் பச்சையாகக் கிடக்கிறது. இதையெல்லாம் படித்த பிறகும் அந்த இடத்தில் உன் பெயர் வர வேண்டுமா, இல்லை, சேலத்திலோ ஈரோட்டிலோ உனக்கென்று தனியாக ஒரு பலகை வேண்டுமா என்று எழுது. எதுவானாலும் பெயின்டர் கூலி என்னுடையது. என்னைத் திட்டியும் எழுது. ஆனால் சின்ன வயதிலிருந்து எழுதுகிற மாதிரி, ஒரே வரியில் "ஆமாங்கப்பா" என்று மட்டும் எழுதிவிடாதே சாமி. அதற்கு அர்த்தம் சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது.

அப்பா